ஆல்ப்ஸில் கார் இல்லாமல், உள்ளூர் பஸ்ஸை வைத்தே மலை நடக்க முடியுமா?

பாயான் பாரு மலர்

வணக்கம். செப்டம்பர் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து நாலு பேர் ஆல்ப்ஸ் போகிறோம்: நான், தம்பி, அம்மா, அப்பா. கையில் ஒன்பது நாள். சுவிஸில் கிரிண்டல்வால்ட், அப்புறம் இத்தாலிப் பக்கம் டோலமைட்ஸ், இரண்டையும் பார்க்க ஆசை. கயிறு கட்டி ஏறுகிற வேலையெல்லாம் இல்லை. பாதை போட்ட இடத்தில் நாலைந்து மணி நேரம் நடந்தால் போதும். அப்பாவுக்கு 67 வயது, ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும்.

தம்பி கார் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறான். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கொண்டை ஊசி வளைவு வேறு. எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கே கிராமத்து பஸ்களே மலை உச்சிப் பக்கம் வரை போகும் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸை மட்டும் நம்பி இறங்கலாமா? நேர அட்டவணையை எப்படிப் பார்ப்பது? கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் என்ன கதி?

செந்தூல் நடையர்

பஸ்ஸே போதும் மலர். கார் எடுத்தால் விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். மலையில் அது பெரிய நட்டம். ஏறின வழியே இறங்க வேண்டும், இல்லையென்றால் வட்டமடிக்க வேண்டும். பஸ் என்றால் ஒரு பள்ளத்தாக்கில் தொடங்கி இன்னொன்றில் முடிக்கலாம். ஏற்றத்தையும் பஸ்ஸின் தலையில் கட்டிவிடலாம்.

கிரிண்டல்வால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் 1,034 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பஸ் 1,962 மீட்டரில் உள்ள குரோசே ஷைடெக் கணவாயில் கொண்டுபோய் விடும். 900 மீட்டருக்கு மேல் ஏற்றம், உட்கார்ந்தபடியே. அந்தச் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே தம்பி கார் எடுத்தாலும் அங்கே பஸ்தான்.

கணவாயிலிருந்து ஃபிர்ஸ்ட் (2,166 மீ) வரை நல்ல அகலமான பாதை, ஒன்றரை மணி நேரம், மெல்ல மெல்ல ஏறும். இடது கைப்பக்கம் ஐகர் சிகரம், முதுகுக்குப் பின்னால் வெட்டர்ஹார்ன் சிகரம். ஃபிர்ஸ்டிலிருந்து பாக்ஆல்ப்சே ஏரிக்கு (2,265 மீ) இன்னும் ஒரு மணி நேரம், ஏற்றம் 100 மீட்டர்தான். அங்கே பிரிந்துவிடுங்கள். அம்மாவும் அப்பாவும் ஃபிர்ஸ்டுக்குத் திரும்பி கேபிள் காரில் ஊருக்கு இறங்கட்டும். நீங்களும் தம்பியும் ஏரியைத் தாண்டி புஸ்ஆல்ப் (சுமார் 1,800 மீ) வரை இறங்குங்கள், இரண்டு மணி நேரம். அங்கிருந்து கிரிண்டல்வால்டுக்கு வேறொரு பஸ் இருக்கிறது. ஏறின இடம் ஒன்று, இறங்கின இடம் ஒன்று, காரை எடுக்கத் திரும்பி ஓட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். நம் ஆட்கள் முதலில் பாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் பஸ் தேடுவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தின பஸ்தான் உங்கள் பஸ், கடைசி பஸ் காப்புறுதி மாதிரி. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு உங்கள் பஸ் 16:30 என்று வைத்துக்கொள்வோம். கைகாட்டிப் பலகைக் கணக்கில் மேலே சொன்ன நடை நாலரை மணி நேரம். சுவிஸ் மஞ்சள் பலகையில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது எதுவுமே சேராது. சமதரையில் நடந்து பழகின நம்மவர்களுக்கு 1.4 ஆல் பெருக்கினால் சரியாக வரும்: 6 மணி 18 நிமிடம். ஆக, கணவாயில் 10:12க்குள் கால் வைத்திருக்க வேண்டும். காலை பஸ் 10:30க்குத்தான் மேலே சேரும் என்றால் அன்றைக்குப் பாதையைச் சுருக்குங்கள், வேகத்தைக் கூட்ட நினைக்காதீர்கள்.

பலகை இல்லாத இடத்துக்கு ஆல்ப்ஸில் பொதுவாகப் போடும் கணக்கு: மணிக்கு சமதளத்தில் 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர், இறக்கம் 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தையும் உயரத்துக்கான நேரத்தையும் தனித்தனியாகப் போட்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். 8 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டு பக்கமும் 2 மணி நேரம், மொத்தம் 3. அதன் மேல் உங்கள் 1.4.

முடிந்தால் காலை முதல் பஸ்ஸையே பிடியுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் இடி மின்னல் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். வெட்டவெளிப் புல்மேட்டில் அந்த நேரத்தில் நிற்கக் கூடாது.

ஆயர் ஈத்தாம் அக்கா

நடையர் சொன்னதோடு அட்டவணை விஷயத்தை நான் சேர்க்கிறேன். பஸ் தவறுவது பெரும்பாலும் மெதுவாக நடந்ததால் இருக்காது, வராத பஸ்ஸுக்குக் காத்திருந்ததால் இருக்கும்.

நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் தாளில் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் பொடிப்பொடியாக ஒரு குறி இருக்கும். குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல் என்றால் வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேர்த்தி. சிலுவைக் குறி என்றால் ஞாயிறும் பொது விடுமுறையும். வட்டத்துக்குள் ஏ எழுத்து இருந்தால் திங்கள் முதல் வெள்ளி மட்டும். இத்தாலிப் பக்கம் எழுத்திலேயே போட்டிருப்பார்கள்: ஃபெரியாலே வேலை நாள், ஃபெஸ்டிவோ ஞாயிறும் விடுமுறையும். பள்ளி நாளில் மட்டும் ஓடும் பஸ்ஸும் உண்டு, ஜெர்மனில் ஷூல்டாக், இத்தாலியில் ஸ்கொலாஸ்டிக்கோ. சின்ன கிராமங்களில் மதியம் 1 மணிக்கு அழகாக ஒரு பஸ் தெரியும், கீழே பார்த்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கானது.

தொலைபேசிப் படம் போட்டிருந்தால் அது கூப்பிட்டால்தான் வரும் பஸ். முன்கூட்டியே பதிய வேண்டும். சில இடத்தில் ஒரு மணி நேரம் முன்னால் போதும், சில இடத்தில் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று அந்தத் தாளிலேயே இருக்கும்.

பருவமும் கவனம். மலைக்கணவாய் பஸ்கள் கோடையில் மட்டும் ஓடுபவை. சுவிஸின் ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் கணவாய்களுக்கு ஏறத்தாழ ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் பஸ், அதற்கும் இருக்கை பதிவு வேண்டும். நீங்கள் போவது செப்டம்பர் தொடக்கம், தப்பித்தீர்கள். மாதக் கடைசியில் போகிறவர்கள் தேதியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும், பல வழிகளில் அப்போது பஸ் ஓடும் தடவை குறைந்துவிடும்.

சுவிஸுக்கு அந்நாட்டு ரயில்வேயின் எஸ்பிபி செயலி, டோலமைட்ஸ் பக்கத்து தென் டிரோல் (ஜெர்மனில் சுட்டிரோல்) மாகாணத்துக்கு சுட்டிரோல் மொபில் செயலி. கூகுள் மேப்பை மட்டும் நம்பாதீர்கள். சரியான தேதியைப் போட்டுத் தேட வேண்டும், இன்றைய தேதியில் பார்த்துவிட்டு அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மேலே சிக்னல் போய்விடும், அதனால் திரும்பும் பஸ் நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு நிறுத்தத்துக்குத்தான் திரும்பி வரப் போகிறீர்கள் என்றால் காலையில் இறங்கியதும் எதிர்ப்பக்கக் கம்பத்தில் உள்ள தாளையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். வரைபடத்துக்கு சுவிஸ்டோப்போ செயலி. இலவசம், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

பஸ் வரும்போது கம்பத்தருகே எழுந்து நின்று கையைக் காட்டுங்கள். பெஞ்சில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் போய்க்கொண்டே இருப்பார். அவருக்குக் கீழே ரயில் இணைப்பு இருக்கிறது, நிமிடக் கணக்கு.

வாந்தி வரும் ஆள் யாராவது இருந்தால் முன் இருக்கை, மாத்திரை புறப்படுவதற்கு அரை மணி முன்னால். கீன்டால் பள்ளத்தாக்கில் கிரீஸ்ஆல்ப் போகும் பஸ் பாதை 28 சதவீதச் சரிவு, ஐரோப்பாவின் செங்குத்தான பஸ் பாதை என்று பெயர். கேமரன் மலை வளைவுக்கே மயங்குபவர்களுக்கு அது ஒத்துவராது.

கேமராக்காரன் கேஎல்

ஒரு மாற்றுக் கருத்து. சூரிய உதயமும் அஸ்தமனமும் வேண்டும் என்றால் பஸ் உதவாது. முதல் பஸ் மேலே சேரும்போது நல்ல வெளிச்சம் முடிந்துவிடும், கடைசி பஸ்ஸோ வெளிச்சம் சிவக்கும் முன்பே கிளம்பிவிடும். படம்தான் முக்கியம் என்றால் கார்.

செந்தூல் நடையர்

சரியான குறைதான். ஆனால் அதற்கும் கார் தேவையில்லை, ஓர் இரவு மேலேயே தங்குங்கள். குரோசே ஷைடெக்கிலேயே ஒரு மலை விடுதி இருக்கிறது. முன்பதிவு செய்து, ரொக்கம் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா மலைக் குடிலிலும் கார்டு ஓடாது.

பாயான் பாரு மலர்

ரொம்ப நன்றி நடையர் அண்ணே, அக்கா. சுவிஸில் எந்தப் பாஸ் வாங்குவது? டிராவல் பாஸா, ஹாஃப் ஃபேரா? டோலமைட்ஸில் எங்கே தங்குவது? அப்பாவுக்கு அங்கே இறக்கம் அதிகம் என்கிறார்களே.

ஆயர் ஈத்தாம் அக்கா

ஒரே ஊரில் தங்கி மலை ஏறி இறங்குபவர்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதம் செல்லும், ரயில், பஸ், பெரும்பாலான கேபிள் கார் எல்லாமே பாதி விலை. டிராவல் பாஸ் தினம் ஓர் ஊர் சுற்றுகிறவர்களுக்கு லாபம். நடையாளர்களின் பணத்தைத் தின்பது கேபிள் கார்தான், அதில் பெரும்பாலும் டிராவல் பாஸுக்கும் தள்ளுபடிதான் கிடைக்கும், இலவசம் இல்லை. போகப்போகும் வழிகளை எஸ்பிபி செயலியில் போட்டு, கார்டைத் தேர்ந்தெடுத்து, கூட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். தங்குமிடத்தில் விருந்தினர் அட்டை தருவார்களா என்றும் கேளுங்கள். ஆல்ப்ஸில் பல ஊர்களில் அந்த அட்டையைக் காட்டினால் உள்ளூர் பஸ்ஸுக்குக் காசில்லை.

சாப்பாடு: ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வைத்துவிடுங்கள். அம்மா சைவம் என்றால் ரோஷ்டி (உருளைக்கிழங்குத் துருவல் வறுவல்) கேட்கும்போது 'ஓனே ஷ்பெக்' என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வரும்.

பட்டர்வொர்த் நடைக்குழு

டோலமைட்ஸ் பகுதிக்கு நான் சொல்கிறேன். முதலில் ஒன்று: ஒன்பது நாளில் இரண்டையும் திணிக்காதீர்கள். கிரிண்டல்வால்டிலிருந்து டோலமைட்ஸ் பக்கத்து ஊரான டோப்பியாக்கோவுக்கு இன்டர்லாக்கன், சூரிச், இன்ஸ்புருக், ஃபோர்ட்டெட்ஸா என்று மாறி மாறி ரயில், ஒரு முழு நாள் போய்விடும். வந்து சேர்ந்த களைப்பு ஒரு நாள், மழை ஒரு நாள், மிச்சம் என்ன இருக்கும்? எதை விடுவது என்று கேட்டால் சுவிஸை விடுங்கள் என்பேன், செலவிலேயே பெரிய வித்தியாசம். நடையர் சண்டைக்கு வருவார்.

டோப்பியாக்கோவில் தங்குங்கள். அந்தப் பக்கம் ஒவ்வோர் ஊருக்கும் இத்தாலியப் பெயர் ஒன்று, ஜெர்மன் பெயர் ஒன்று. பஸ் பலகையில் டோப்லாக் என்று இருந்தால் அதே ஊர்தான், இறங்காமல் விட்டுவிடாதீர்கள். சுட்டிரோல் கெஸ்ட் பாஸ் திட்டத்தில் பங்குபெறும் விடுதிகளில் அந்தப் பாஸைத் தருவார்கள், மாகாணத்து பஸ்ஸும் வட்டார ரயிலும் அதில் அடக்கம். அறை எடுக்கும் முன் பாஸ் உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

டோப்பியாக்கோவிலிருந்து 444ஆம் எண் பஸ் ட்ரே சீமே என்ற மூன்று சிகரங்களின் அடிவாரத்து அவுரோன்ட்ஸோ குடிலுக்கு (2,320 மீ) போகும். கோடையில் அதற்கு இணையத்தில் இருக்கை பதிந்து தனி டிக்கெட் எடுக்க வேண்டும், நேரில் போய் ஏறலாம் என்று நிற்காதீர்கள். அங்கிருந்து மூன்று சிகரத்தையும் சுற்றும் வட்டப் பாதை சுமார் 10 கிலோமீட்டர், நாலு மணி நேரம். அப்பாவுக்கு முழு வட்டமும் வேண்டாம். லவரேதோ கணவாய் (2,454 மீ) வரை போய்விட்டு அதே வழியில் திரும்பட்டும். பிரபலமான வடக்கு முகம் அங்கிருந்தே தெரியும், இறக்கமும் சொற்பம்.

உங்களுக்கும் தம்பிக்கும் வேறு திட்டம். கணவாயைத் தாண்டி லொகாத்தெல்லி குடில் (2,405 மீ), அங்கிருந்து 102ஆம் எண் பாதையில் ஃபிஸ்கலீனா பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள். பாதை முடியும் ஃபிஷ்லைன்போடன் 1,454 மீட்டரில். கோடையில் அங்கிருந்து செஸ்டோ வழியாக டோப்பியாக்கோவுக்கு பஸ்ஸில் வந்துவிடலாம். 950 மீட்டர் இறக்கம், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ரியென்ட்ஸா பள்ளத்தாக்கு வழியாகவும் நெடுஞ்சாலைக்கு இறங்கலாம், ஆனால் அங்கே காத்திருப்பது சாலையோரத்தில். ஃபிஸ்கலீனாவில் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலேயே குடில் இருக்கிறது, பஸ் வரும் வரை சூப் குடித்துக்கொண்டு உட்காரலாம்.

ஓய்வு நாளுக்கு ஆல்பே டி சியூசி. 56 சதுர கிலோமீட்டர் புல்வெளி, காலை 9 முதல் மாலை 5 வரை தனியார் கார்களுக்கு மேலே போக அனுமதி இல்லை, பஸ்ஸிலோ கேபிள் காரிலோதான் ஏற வேண்டும். தரை அலை அலையாக இருக்கும், முழங்காலுக்கு நல்லது. டோப்பியாக்கோவிலிருந்து தூரம், அதனால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் 2

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். மோன் பிளான் சுற்றுப்பாதையிலும் பஸ்ஸை வைத்துச் சில பகுதிகளைத் தாண்டலாமா?

செந்தூல் நடையர்

தாண்டலாம். மொத்தம் சுமார் 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம், எல்லோருக்கும் எல்லாம் நடக்க முடியாது. விடத் தக்கது லா ஃபூலியிலிருந்து ஷாம்பே வரை. ஊர்கள் வழியாகப் போகும் நாள் அது, ஓர்சியேரில் பஸ் மாறினால் போய்விடலாம். கூர்மையோரிலிருந்து ஃபெரே பள்ளத்தாக்கில் ஆர்னூவா வரையும் கோடை பஸ் உண்டு. ஆனால் அந்த நாளை விடாதீர்கள், பெர்த்தோனே முதல் பொனாத்தி குடில் வரை மலையின் இத்தாலி முகம் முழுக்க எதிரே இருக்கும். ஒன்று கவனம்: ஷமோனி, கூர்மையோர் இடையே பஸ் போவது 11.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக. 2024 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை பராமரிப்புக்காக அதை மூடிவிட்டார்கள். செப்டம்பரில் போகிறவர்கள் அந்த ஆண்டின் மூடல் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

மலருக்கு, பஸ் தவறினால் என்ன என்ற கேள்வி பாக்கி. இடத்தைப் பொறுத்தது. நெடுஞ்சாலை ஓரம் என்றால் டாக்சியைக் கூப்பிடலாம், யாராவது ஏற்றிக்கொள்ளவும் கூடும். குரோசே ஷைடெக் மாதிரி கார் வராத சாலையில் அந்த நம்பிக்கை கிடையாது. அங்கே இரண்டே வழி: விடுதியில் இடம் கேட்பது, அல்லது ஊர் வரை இறங்குவது. 900 மீட்டருக்கு மேல் இறக்கம், இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் நெற்றி விளக்கு ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். செப்டம்பர் தொடக்கத்தில் 8 மணி வாக்கில் சூரியன் மறையும், மாதக் கடைசியில் 7:15க்கே. இன்னொரு சிக்கல் பஸ் நிரம்பிவிடுவது. நல்ல வெயில் நாளில் மாலை பஸ் புறப்படும் இடத்திலேயே நிரம்பும், நடு நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு இடம் கிடைக்காமல் போகலாம். முடிந்தவரை தொடக்க நிறுத்தத்தில் போய் ஏறுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா

ஆபத்து என்றால் 112, சுவிஸில் ஹெலிகாப்டர் மீட்பு 1414. சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு. மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள். பயணக் காப்புறுதியில் மலை மீட்பும் ஹெலிகாப்டரும் உண்டா, உயர வரம்பு எவ்வளவு என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பட்டர்வொர்த் நடைக்குழு

அப்பாவுக்கு இப்போதே பயிற்சி தொடங்குங்கள், இறங்கித்தான் பழக வேண்டும். பத்துமலை 272 படியை ஏறி இறங்கிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்று சொல்லக் கூடாது. கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பஸ் பிடித்து பினாங்குக் கொடிமலை அடிவாரம், ரயிலில் மேலே, பிறகு ஜீப் சாலை வழியாகத் தாவரவியல் பூங்காவுக்கு நடந்து இறங்குங்கள். ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டருக்கு மேல் இறக்கம், தார் போட்ட செங்குத்துச் சாலை. முழங்கால் எங்கே கெஞ்சுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு ஸ்டிக்கோடு இறங்கச் சொல்லுங்கள், இறக்கத்தில் அதை ஐந்து பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ள வேண்டும். வழியில் உள்ள 84ஆம் நிலையத்தில் தேநீர் குடித்துவிட்டு மீதியையும் வலியில்லாமல் இறங்கினார் என்றால், டோலமைட்ஸில் 500 மீட்டர் இறக்கம் வரை தைரியமாகத் திட்டம் போடலாம். இறங்கின பிறகு 10ஆம் எண் பஸ்ஸுக்கு நிறைய நேரம் நிற்க வேண்டி வரும், நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.